அடைகாக்கும் மாதம்

கடல்வாத்துகள் அடைகாக்கும் மாதம் இது. நார்வேயின் இந்தக் கடைசித் தீவில் யாரும் குரலை உயர்த்துவதில்லை, பளிச்சென்ற துணியைக்கூடக் கொடியில் போடுவதில்லை. வாசற்படிக்கடியிலேயே வாத்து ஒருத்தி தன் தூவிக்குள் புதைந்து உட்கார்ந்திருக்கிறாள். அவளைத் தாண்ட மனமில்லாமல் போர்கில்ட் பின்பக்கமாகச் சுற்றிவந்து பாறையோரம் நிற்கிறாள். மேகத்தின் கீழ் கடல் ஈயமாய்க் கிடக்கிறது. சுற்றுலாப் படகு எஞ்சினைத் தணித்து, ஒலிபெருக்கியையும் அணைத்துவிட்டு மெல்ல நகர்கிறது. அதன் முன்பக்கம் மைக்கோடு நிற்பவன் அவள் மகன் ஹால்வார். வீட்டை விட்டுப் போய் இரண்டு வருஷம். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான்.

“கையையாவது ஆட்டேன்,” என்று கிசுகிசுக்கிறார் கணவர் ஆஸ்மூன்.

“சிவப்புக் கையுறை. வாத்து மிரண்டுடும்.”

அவள் கையுறையைக் கழற்றி வெறுங்கையை உயர்த்துகிறாள். சாம்பல் பாறைக்கு முன்னால் சாம்பல் கோட்டு. அவன் கண்ணில் பட்டதா, தெரியவில்லை. படகு முனையைச் சுற்றி மறைகிறது. தூரம் போனதும் ஒலிபெருக்கி கரகரக்கிறது. பயணி யாரோ ஏதோ கேட்டிருக்க வேண்டும்.

“இப்பத் தாண்டினோமே, அந்தத் தீவுலயா? மூணு பேர் குடியிருக்காங்க,” என்கிறது மகனின் குரல்.

“பெரிய வழிகாட்டி, எண்ணத் தெரியல. நாம ரெண்டு பேர்தானே,” என்கிறார் ஆஸ்மூன்.

போர்கில்ட் கையை இன்னும் இறக்கவில்லை.