நீலச் சட்டையின் பாக்கெட்

ஜன்னல் வெயில் விழுகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்து, எலக்ட்ரீஷியன் தன் பழைய நீலச் சட்டைகளைக் குழந்தைக்கு நாப்கின்களாக வெட்டிக்கொண்டிருக்கிறான். ஒரு தடவை கட்டிவிட்டுக் குப்பையில் போடுவதை வாங்கவே கூடாது என்று இருவரும் முடிவெடுத்தாயிற்று. துவைத்துத் துவைத்து வெண்ணெய் மாதிரி ஆகிவிட்ட துணி. ஒன்பது மாத வயிற்றோடு சுவரில் சாய்ந்திருக்கும் மனைவி, ஒவ்வொன்றையும் வயிற்றின் மேலேயே விரித்து மடிக்கிறாள். ஒன்றில் பாக்கெட் அப்படியே இருக்கிறது. "ஏங்க, பாப்பா என்ன பேனா குத்திக்கிட்டு ஆபீசுக்கா போகப்போகுது?" "கவனிக்கல. குடு, பிரிச்சுடறேன்." அவன் கை நீட்டும்போது துணி அசைகிறது. பாக்கெட்டுக்கு அடியில் சின்னதாக ஒரு மேடு எழும்பி, மெல்ல நகர்ந்து, தையல் ஓரத்தில் நிற்கிறது. பத்து வருஷம் அந்தப் பாக்கெட்டில் டெஸ்டரைத் தேடிய இரண்டு விரல்களை அவன் உள்ளே விடுகிறான். அடியிலிருந்து திருப்பித் தள்ளுகிறது. கத்தரிக்கோலைத் தூரத் தள்ளி வைக்கிறான். "பிரிக்க வேணாம்," என்கிறான். "உள்ள ஆள் இருக்கு."