செத்துப்போன டிரம்மர்

புத்தகக் கடை மாடியில் டியூப் லைட் கண் சிமிட்டுகிறது. கறுப்புச் சட்டை ரசிகர்கள் தங்கள் அபிமான ஹெவி மெட்டல் குழுவைப் பற்றி அதன் பாடகன் எழுதிய வாழ்க்கை வரலாற்றை நடுவில் போட்டு அலசுகிறார்கள். கடைசி நாற்காலியில் அந்தக் குழுவின் முதல் டிரம்மர். ஒரு காலத்தில் இவர் அடித்த அடியில் அடுத்த தெருவில் பால் திரிந்துபோகும். இவர் கடலில் மூழ்கிச் செத்ததாகப் புத்தகம் சொல்கிறது. இவருக்கோ குளியல் தொட்டியில் இறங்கவே பயம். “நான் சாகலப்பா” என்று சொல்லத்தான் பஸ் பிடித்து வந்திருக்கிறார். வாய் திறக்க இடைவெளி கிடைக்கவில்லை. “மொத்தமும் குப்பைடா, பாடகன் அளந்து விட்டிருக்கான்,” என்கிறான் தாடிக்காரன். “டிரம்மர் சாகுற இடம் மட்டும் நிஜம்ணா. அழுதுட்டேன்,” என்கிறாள் அவன் தங்கை. அதில் மட்டும் எல்லோரும் ஒரே கட்சி. “எந்திரிங்க, அவருக்காக ஒரு நிமிஷம்,” என்கிறான் தாடிக்காரன். நாற்காலிகள் கிறீச்சிடுகின்றன. டிரம்மரும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுகிறார். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கிறது. அவரைக் கேட்காமலே அவர் விரல்கள் தொடையில் பழைய தாளத்தைத் தட்டுகின்றன. பக்கத்தில் நிற்பவன் அந்தக் கையை மெதுவாகப் பிடித்து நிறுத்துகிறான். “பெரியவரே, செத்தவருக்குக் கொஞ்சம் மரியாதை குடுங்க.” “மன்னிச்சுக்கப்பா,” என்று முணுமுணுத்துவிட்டு, தலை குனிந்து, தனக்கான மிச்ச நிமிஷத்தையும் ஒழுங்காக நின்று முடிக்கிறார்.