எதிர்த்துக் கதைக்காத மெசின்

“பாத்தீரே பிள்ளை, யோசிக்குது!” என்றார் அரியநாயகம் முதலாளி.

மடிக்கணினித் திரையில் காய்ந்த கடலட்டைகள் இரண்டின் படங்கள் பக்கம் பக்கமாக நின்றன. மேலே ‘எது திறம்?’ என்ற கேள்வி. நாலைந்து விநாடி கழித்து வலப்பக்கத்துப் படத்தில் பச்சைச் சரி விழுந்தது. உடனே அடுத்த சோடி வந்தது.

“ஓம் ஐயா. வடிவாப் பாத்துத்தானே சொல்லவேணும்” என்றாள் பவதாரணி. நாரந்தனையில் வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டுக் கொம்பனிகளுக்கு புரோகிராம் எழுதுகிறவள் அவள்.

அவர்கள் இருந்தது ஊர்காவற்றுறையில், கடலட்டைகளை அவித்துக் காயவைக்கும் முதலாளியின் வாடியில். அங்கே பதினெட்டு வருடமாக அட்டைகளைத் தரம் பிரிப்பவள் மண்டைதீவு எமிலி. இரண்டாம் தரத்தை முதல் தரப் பெட்டிக்குள் போடச் சொன்னால், “அது எனக்கு ஏலாது முதலாளி” என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுவாள். அந்த வாய்க்குப் பயந்துதான் மெசின். காலையில் அவள் லீவு கேட்டபோது, வாழ்நாளில் முதல் தடவையாக முதலாளி சிரித்துக்கொண்டே கொடுத்தார்.

“இதின்ரை சூட்சுமம் என்ன?”

“நான் எழுதினது அடுக்குற வேலை மட்டும்தான் ஐயா. எந்த ரெண்டை ஒப்பிடவேணும் எண்டு அதுக்குத் தெரியும். ரெண்டிலை எது திறம் எண்டு தெரியாது. அதைச் சொல்லுற பங்ஷனை வெளியிலையிருந்து குடுக்கவேணும். போன மாசமே உங்களட்டைக் கேட்டனான்.”

பங்ஷன் என்றால் முதலாளிக்குக் கலியாண வீடுதான் தெரியும். ஆனாலும் தலையை ஆட்டினார்.

“நான் என்ன சொன்னனான்?”

“உதெல்லாம் என்னட்டைக் கேளாதையும், நல்லதொண்டாப் பாத்துப் போடும் எண்டனீங்கள்.”

“போட்டனீரோ?”

“போட்டனான். அதைவிடத் திறமானது எங்கையும் இல்லை.”

“அமெரிக்கச் சாமானாத்தான் இருக்கும்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

சோதனைக்குப் போட்ட எட்டு அட்டைகளும் தர வரிசையில் வந்து நின்றன. முதலாளி சட்டைப் பையிலிருந்து ஒரு கடதாசித் துண்டை எடுத்தார். போன கிழமை அதே எட்டையும் எமிலி தரம் பிரித்ததை அவளுக்குத் தெரியாமல் குறித்து வைத்திருந்தார். விரல் வைத்து ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார். எட்டும் அச்சொட்டாகச் சரி.

“எமிலியின்ரை கண்ணையே பிடிச்சுப்போட்டுது!” கதிரையிலிருந்து துள்ளி எழும்பினார்.

பவதாரணி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் கையைக் காட்டி மறித்தார்.

“ஒண்டும் சொல்லாதையும். மற்ற நாப்பதையும் போடும். ஓடட்டும்.”

மெசின் ஓடத் தொடங்கியது. சோடி வந்தது, சரி விழுந்தது. முதலாளி வாடியில் நின்ற பெண்களை எல்லாம் கூப்பிட்டுச் சுற்றி நிறுத்தினார். இனி யாரும் வாய் காட்டக்கூடாது. போனை எடுத்து எமிலிக்கு அடித்து, சத்தத்தைக் கூட்டி மேசையில் வைத்தார்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. திரையில் இரண்டு படங்கள் அப்படியே நின்றன. சரி விழவில்லை.

“என்ன பிள்ளை, நிண்டுபோச்சு?”

“கொஞ்சம் பொறுங்கோ ஐயா” என்றாள் பவதாரணி, திரையைப் பார்த்தபடி.

எமிலி போனை எடுத்தாள்.

“எமிலி, நாளையிலையிருந்து நீர் வரத் தேவையில்லை. உம்மடை வேலையை இனி மெசின் பாக்கும். உம்மை மாதிரி அது எதிர்த்துக் கதைக்காது. விளங்குதோ?”

எமிலி அவசரப்படாமல் சொன்னாள்.

“முதல்லை போனை வையுங்கோ முதலாளி, எது திறம் எண்டு உங்கடை மெசின் இதிலைதான் என்னட்டைக் கேட்டுக்கொண்டு நிக்குது.”