அய்யலூருக்கு அடுத்த ஊர்

சிறைக்கு இலவசமாகப் புத்தகம் அனுப்பும் தன்னார்வலர்கள் கட்டிய மூட்டையில், பழைய ரயில் கால அட்டவணை ஒன்றும் தவறிப்போய் ஏறிவிட்டது.

"உன் வண்டியில பாதி இப்போ ஓடவே இல்லையேப்பா!" என்று சிறை அலமாரியில் இருந்த அகராதி சிரித்தது.

அட்டவணை கூனிக் குறுகிப்போனது. ஒரு காலத்தில் லீவு விட்டால் வீடே தன்னைச் சுற்றி உட்கார்ந்து, எந்த வண்டியில் போவதென்று சண்டை போட்டது நினைவுக்கு வந்தது.

ஆனால் கைதி சவரிமுத்து அதைத்தான் எடுத்தார். தினமும் அவர் விரல் எழும்பூரில் ஏறும்; விழுப்புரத்தில் டீ குடிக்கும்; மணப்பாறையில் முறுக்கு வாங்கும்; அய்யலூர் வந்ததும் நின்றுவிடும்.

"அடுத்தது வடமதுரை, அவர் சொந்த ஊராச்சே! ஏன் நின்னுட்டார்?" என்றது அகராதி.

"அங்கே மட்டும் விரலால இறங்க மாட்டாராம்," என்றது அட்டவணை. "காலாலதான் இறங்கணுமாம்."