ஈசானி மூலை

கார்னர் கொடியைக் காணோம்.

ஸ்கூட்டருக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டு நிமிர்ந்தபோதே கோச்சின் கண்ணில் அதுதான் பட்டது. மைதானத்தின் வடகிழக்கு மூலையில் எப்போதும் நட்டிருக்கும் கொடி. பிடுங்கிச் சுவரோரம் சாத்தியிருந்தார்கள்.

கையில் தேங்காயோடு நடந்தார்.

சீசனின் முதல் பயிற்சியன்று கோல் போஸ்டுக்கு மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, தேங்காய் உடைப்பது அந்தக் கல்லூரி ஃபுட்பால் டீமின் வழக்கம். உடைப்பது கோச்சின் வேலை. அவர் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து உடைக்கிறார். தேங்காய் ஒழுங்காகத்தான் உடைகிறது. டீம்தான் முதல் சுற்றைத் தாண்டுவதில்லை.

போன வருடம் ஏழு கோல் வாங்கினார்கள். அதில் பாதி, கோலுக்கு முன்னாலிருக்கும் பள்ளத்தில் கீப்பர் மணிவேல் வழுக்கி விழுந்ததால் வந்தது. மழை பெய்தால் அந்தப் பள்ளத்தில் வாத்து வளர்க்கலாம். ஒரு லோடு மண் கொட்டச் சொல்லிக் கேட்டுக் கேட்டு அவருக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

இந்த வருடம் அப்படியில்லை.

பையன்கள் லீவுக்கு ஊருக்குப் போகாமல் வெயிலில் ஓடியிருக்கிறார்கள். கேப்டன் எபினேசருக்கு இடது காலும் பழகிவிட்டது. முதல் முறையாக அவர் மனதுக்குள் ஃபைனல் வரைக்கும் போய்விட்டு வந்திருந்தார்.

அதைச் சொல்லத்தான் சனிக்கிழமை தாளாளரைப் பார்க்கப் போனார்.

வருடா வருடம் அந்த அறையில் வாங்கிக் கட்டிக்கொண்டுதான் வெளியே வருவார். இந்த முறை தாளாளர் உட்காரச் சொன்னார். டீ வந்தது. பிஸ்கட்டும் வந்தது. பசங்களைச் சந்தோஷமாக விளையாடச் சொல்லுங்க சார், ஜெயிச்சாலும் தோத்தாலும் பரவாயில்லை என்றார்.

சார் என்றார். அதுவரை அவரை அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

மூலையில் பையன்கள் கூடி நின்றார்கள்.

நடுவில் ஒரு குழி. சதுரமாக, ஓரம் சீவி வெட்டிய குழி. உள்ளே செங்கற்கள். ஒவ்வொன்றிலும் மஞ்சளும் குங்குமமும். நேற்றைய சாமந்தி வாடிக் கிடந்தது. பால் ஊற்றிய இடத்தில் எறும்பு மொய்த்தது.

"சார், இந்த வருஷம் மேனேஜ்மென்ட்டே நமக்குப் பூஜை போட்டிருக்காங்க!"

கத்தியவன் எபினேசர். குனிந்து செங்கல்லைத் தொட்டுக் குங்குமத்தை நெற்றியில் இட்டுக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கிதார் வாசிக்கிற பையன். கோல் விழுமென்றால் எதையும் இட்டுக்கொள்வான்.

ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் குனிந்தார்கள். அவர்களும் வீடு கட்டுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள்தான். ஆசை கண்ணை மறைத்தது.

அவரும் சிரிக்கப் பார்த்தார்.

குழியிலிருந்து ஒரு சுண்ணாம்புக் கோடு கிளம்பியது. அவர் போட்டதல்ல. இந்த சீசனுக்கு அவர் இன்னும் கோடே போடவில்லை.

அது போன வருடத்துப் பழைய கோடுகளை மதிக்காமல் போனது. பெனால்டி பாக்ஸைக் குறுக்கே வெட்டியது. நடு வட்டத்துக்குள் புகுந்து திரும்பியது. அவர் கண்ணாலேயே கூட நடந்து பார்த்தார்.

கட்டம் கட்டமாக. ஒவ்வொன்றும் ஒரு வகுப்பறை அகலம்.

மணிவேல் மட்டும் குங்குமம் வைத்துக்கொள்ளவில்லை. மெல்ல அவர் பக்கத்தில் வந்து நின்றான்.

"எங்கப்பா கொத்தனாரு சார். வீடு ஆரம்பிக்கிறப்ப ஈசானி மூலையில இப்படித்தான் கல்லு வைப்பாரு."

மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னான்.

அவருக்குக் கோபம்கூட வரவில்லை. பயம்தான் வந்தது. மைதானம் போனால் டீம் ஏது? ஜெயித்தாலும் தோற்றாலும் என்பதற்கு இப்போதுதான் அர்த்தம் புரிந்தது.

பையன்களைப் பார்த்தார். ஒருவன் தோளை ஒருவன் பிடித்துக்கொண்டு குழியைச் சுற்றிக் குதித்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை வருடத்தில் அவர்களை இப்படிப் பார்த்ததில்லை.

இப்போது சொல்லாதே என்று மணிவேலுக்குத் தலையை அசைத்தார்.

அவன் தன் கையுறையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

கேட்டுக்கு வெளியே லாரி வந்து நின்றது. தளும்பத் தளும்ப மணல். சிமென்ட் கலவைக்குப் போடுகிற சாம்பல் நிற மணல்.

பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு ஒரே விசில், கைதட்டல். பள்ளத்தை மூட மண் வந்துவிட்டதாம்.

எபினேசர் ஓடிப்போய்க் கேட்டை அகலத் திறந்தான். இரண்டு பேர் லாரிக்கு முன்னால் ஓடி வந்து, வா வா, ரைட்ல ஒடி, இன்னும் வா என்று வழிகாட்டினார்கள். பழைய கோடுகள் சக்கரத்தில் அரைபட்டன.

டிரைவர் தலையை வெளியே நீட்டி எங்கே கொட்டணும் என்றார்.

எல்லோரும் ஒரே பக்கம் கை காட்டினார்கள்.

அங்கே மணிவேல் நின்றான்.

இரண்டு போஸ்டுக்கும் நடுவே, அந்தப் பள்ளத்துக்குள். கையுறையை மாட்டிக்கொண்டிருந்தான். ஒரு விரல் சரியாக நுழையவில்லை. பல்லால் கடித்து இழுத்துவிட்டான்.

ஹாரன் அடித்தது.

தள்ளுடா என்று சிரித்தார்கள். அவன் தள்ளவில்லை. மறுபடி ஹாரன் அடித்தது. அவன் லாரியைப் பார்க்கவில்லை. கோச்சைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

சிரிப்பு ஒவ்வொன்றாக அடங்கியது.

நெற்றி நிறையக் குங்குமத்தோடு எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள்.

அவர் கையில் தேங்காய் அப்படியே இருந்தது.