தரையில் ஒரு சொட்டு

ஜாக்கியில் தூக்கி நிறுத்திய காருக்கு அடியில் படுத்து, வில்சன் கியர் ஆயிலை மாற்றிக்கொண்டிருந்தான்.

"தரையில ஒரு சொட்டு விழட்டும், அப்புறம் தெரியும் சேதி. பழைய பேப்பரா விரி. இன்னிக்குப் பேப்பர்ல கை வெச்சிராத, நான் இன்னும் படிக்கல."

மனைவி ஜெசிந்தா விரித்தாள். நேற்று ரசம் சிந்தியதற்காக அவன் முறுக்கிய மணிக்கட்டு வீங்கியிருந்தது. பழைய ஆயில் தார்போலக் கறுத்து வாளியில் இறங்கி முடிந்தது.

"செவப்பு ஆயில் டின்ன எடு. அதையாவது சிந்தாம கொண்டா, சனியனே."

டின்னைக் கொண்டுவந்து வைத்தாள். வலிக்காத கையால் ஜாக்கியின் கம்பியைத் திருகினாள். கார் தடாலென்று கீழே அமர்ந்தது.

டின்னின் மூடி இன்னும் திறக்கப்படவில்லை. ஆனாலும் பேப்பரெல்லாம் சிவப்பு ஊறி ஓரத்துக்கு வந்துகொண்டிருந்தது. ஜெசிந்தா உள்ளே ஓடி, இன்றைய பேப்பரை எடுத்து வந்து விரித்தாள்.