சீதன அலுமாரி

லோயர் றஊபுக்கு மாமனார் குடுத்த சீதனத்தில் வீடு, வளவு எல்லாம் பிறகுதான். முதலில் சொல்ல வேண்டியது முன்மண்டபத்துக் கண்ணாடி அலுமாரி. அது நிறையச் சட்டப் புத்தகம். அதைப் பார்த்துத்தான் கல்முனையில் ஆட்கள் இவரிடம் வழக்குக் குடுப்பார்கள். பேசுவதைக் கேட்டுக் குடுத்தவர் ஒருவரும் இல்லை.

கச்சிமுகம்மதுவும் அலுமாரியைப் பார்த்துத்தான் வந்தார்.

"தம்பி, நாவிதன்வெளியில எனக்கு ரெண்டு ஏக்கர் வயல் இரிக்கி. மேல்வயல் முழுக்க வெச்சிரிக்கிற பக்கீர் முகைதீன் போடியார் வாய்க்கால மறிச்சிக் கட்டிட்டார். பயிர் குடலையில, கதிர் தள்ளப் போற நேரத்துல நிக்கி. இந்தக் கிழமைக்குள்ள தண்ணி வராட்டி எல்லாம் பதர்தான். அத நம்பித்தான் எங்கட வீட்டுல உலை வைக்கிற."

"இதுக்குச் சட்டம் இரிக்கி காக்கா. புத்தகத்தப் பார்க்கோணும்."

றஊப் உள்பக்கம் மனைவியிடம் திரும்பினார். "ஸுல்பிகா, உங்கும்மாக்கிட்ட அலுமாரிச் சாவியக் கேளு."

எங்கள் பக்கத்தில் மாமி மருமகனோடு நேரே கதைக்கிற வழக்கம் இல்லை. கதவுச் சீலைக்குப் பின்னால் நின்று மகளிடம்தான் சொல்வார். மாமி சல்மா உம்மா சொன்னது வீதிக்கே கேட்டது.

"சாவி தரேலா எண்டு சொல்லு புள்ள. கண்டவன்ட வழக்குக்கெல்லாம் எடுத்துப் புரட்டினாப் புத்தகம் கிழிஞ்சி போகும். அது உன்ட சீதனம்."

றஊப் கையை விரித்தார்.

"கேட்டீங்களா காக்கா? தச்சனுக்கு உளி, எனக்குப் புத்தகம். அது இல்லாம கோட்டுல ஏறி என்னத்தக் கதைக்கிற? வேற லோயரப் பாருங்க."

கச்சிமுகம்மது சீலைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "அந்தப் பொம்புளைக்கு அல்லாஹ் நல்ல மனசக் குடுக்கட்டும்," என்று முனகிக்கொண்டு போனார்.

அவர் படலையைத் தாண்டியதும் சல்மா உம்மா சீலையை விலக்கிக்கொண்டு வந்தார். மகளின் கல்யாணம் 1978இல்; இந்த நாலு வருசத்தில் அவர் மருமகன் முன்னுக்கு வந்து நின்றது இதுதான் முதல் தடவை.

"போடியாருக்கு எதிரான வழக்கோட ஆர் வந்தாலும் இப்பிடிச் சொல்லச் சொன்னீங்க, சொல்லிட்டன். இனி என்னால ஏலா மருமகன். சாவிய உங்கட சட்டைப் பைக்குள்ள வெச்சிக்கிட்டு, ஏழை மனுசன்ட பதுவாவும் சாபமும் எனக்கா?"

"மெதுவாக் கதைங்க மாமி. வீதியில ஆள் போகுது."

"போகட்டும். முந்தநாள் போடியார் வந்து இரிக்கக்குள்ள அலுமாரி திறந்துதானே கிடந்திச்சி. அந்த வாய்க்கால எப்பிடி மறிச்சிக் கட்டினா கேஸ் வராது எண்டு புத்தகத்தப் பார்த்துச் சொல்லிக் குடுத்தது நீங்கதானே?"